ரத்தம் வந்தால் மட்டும் சொல்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். மைசூர் புறநகர்ப் பேருந்து நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது மூன்று மொட்டைத் தலைகள். மூன்றிலும் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மாதேஸ்வரன் மலையிலிருந்து வந்த பேருந்து. பிள்ளைகளுக்குப் பின்னால் இறங்கிய தாய்க்கு இரண்டு கையிலும் பை இருந்ததால், முகவாயை அசைத்தே எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு... ஏய், சின்னவன் எங்கடா?" சின்னவன் அவள் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் என்னுடைய சின்னவனைப் பெங்களூர்ப் பேருந்தில் ஏற்றிவிடப் போயிருந்தேன். மாதுவுக்கு இருபத்தொன்பது வயது. உச்சந்தலையில் முடி குறைந்துவருகிறது என்று அவனுக்குக் கவலை. "அம்மா, எதுக்கு அவங்களையே பாத்துட்டு இருக்கே?" என்றான். சந்தன வாசனை வந்தது என்றேன். பாதி உண்மை. நானும் அவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

எனக்கு மூன்று. வித்யா, கார்த்தி, மாது. நான் சொல்லப்போகும் காலத்தில் ஒன்பது, ஆறு, நாலு வயது. நான் ஒரு நாளிதழின் மைசூர் அலுவலகத்தில் செய்தி திருத்தும் வேலை பார்த்தேன். பகல் முழுவதும் மற்றவர்களின் வாக்கியங்களைச் சுருக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், சுருக்கவே முடியாத மூன்று பேர் வாசலில் நிற்பார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் சண்டை போட்டுத் தமிழில் அழுவார்கள்.

கார்த்திதான் எங்கள் வீட்டு நிருபர். செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய செய்திகள் வந்துவிடும். "அம்மா, மாது சோப்பை நக்கினான். ரெண்டு தடவை." "அம்மா, நான் தூங்கறப்ப அக்கா என்னையே பாத்தா." "சும்னே சொல்றான்மா, பொய்!" என்று வித்யா உள்ளேயிருந்து கத்துவாள். அவனுடைய செய்திகளில் இடம், நேரம், எண்ணிக்கை எல்லாம் சரியாக இருக்கும். தொழில்முறையில் நான் மதித்தேன். ஒரே ஒரு குறை: நடந்ததில் அவனுடைய பங்கு என்ன என்பது மட்டும் எப்போதும் விடுபட்டிருக்கும். மாது சோப்பை நக்கினான் என்பது உண்மை. மிட்டாய் என்று சொல்லிக் கொடுத்தது யார் என்பதை நான்தான் விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒரு விதி போட்டேன். "கார்த்தி, இனிமே எங்கிட்ட கோள் சொல்லக் கூடாது. யாருக்காவது ரத்தம் வந்தா மட்டும் சொல்லு." அவன் யோசித்தான். "ஒரு சொட்டு வந்தாலுமா?" "ஒரு சொட்டு வந்தாலும்." ஒப்புக்கொண்டான். அதன் பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை நான் என் நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு விதி ஏற்கெனவே இருந்தது. அது வித்யாவுக்கு. நீலத் தம்ளர், சுவரோரப் படுக்கை, அடிப்பிடித்த பால்கோவாவின் நல்ல பக்கம், எதற்குச் சண்டை வந்தாலும் முடித்துவைக்க என்னிடம் ஒரே வாக்கியம்தான்: "நீ பெரியவதானே, விட்டுக்குடு கண்ணு." அதற்கு அவள் ஒன்பது வயது முகத்தில் ஒரு குமாஸ்தாவின் சலிப்பு வரும். கொடுத்துவிடுவாள். அவள் யாருக்கும் கொடுக்காத ஒன்று அவளுடைய ஜடை மட்டும். எண்ணெய் வைத்துப் பின்னினால் இடுப்பைத் தொடும். கார்த்தி அதைத் தொட்டால் கூடக் குத்து விழும். பள்ளி ஆண்டு விழாக் கோலாட்டத்தில் நீள ஜடை இருப்பவர்கள் முன் வரிசை என்று டீச்சர் சொல்லியிருந்தார். விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலைக்குப் போனோம். மாதுவுக்கு முந்தைய வருடம் எட்டு நாள் காய்ச்சல். மருத்துவமனைத் தாழ்வாரத்தில், எட்டாவது நாள், குணமானால் அவனுக்கு மலையில் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நான் ஹனூர்ப் பக்கத்துக்காரி. எங்களுக்கு மலை என்றால் அந்த மலைதான். வேண்டுதல்களைப் பற்றி அலுவலகத்தில் நான் அடித்த கிண்டல்கள் கொஞ்சமல்ல. அதையெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை. காய்ச்சல் ஒன்பதாவது நாள் இறங்கியது. கடன்பட்டவள் மாதிரி ஒரு வருடம் நடமாடினேன். அவனுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் முதலில் மலைதான் ஞாபகம் வரும், அப்புறம்தான் தெர்மாமீட்டர்.

பேருந்தில் எங்களுக்கு இரண்டு ஜன்னல், மூன்று பிள்ளைகள். வித்யா பெரியவள். கொள்ளேகால் தாண்டியதும் கார்த்தி ஒரு ஜன்னல் வழியாகவும், ஹனூர் தாண்டியதும் மாது இன்னொரு ஜன்னல் வழியாகவும் வாந்தி எடுத்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த வித்யா இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

மலையில் மொட்டை போடும் கொட்டகையில் நீண்ட வரிசை. ஈர முடியும் சந்தனமும் கலந்த வாசனை. மாது நல்லபடியாகத்தான் நின்றான், கத்தியைப் பார்க்கும்வரை. பார்த்ததும் என் கையை உதறிக்கொண்டு ஓடினான். "மாது, பாரோ, பாரோ இல்லி!" என்று கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டே என் கணவர் பின்னால் ஓடினார். அவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். பதறினால் தமிழ் வராது. மொட்டைக்கு வாங்கிய சீட்டை நான் வித்யா கையில் திணித்தேன். "கண்ணு, இதப் புடிச்சுக்க. என்ன ஆனாலும் வரிசைய விட்றாத." கார்த்தியை அவள் பக்கத்தில் நிறுத்திவிட்டு நானும் ஓடினேன்.

மாது ஒரு பொரிக்கடையின் மேசைக்கு அடியில் இருந்தான். கடைக்காரம்மாள் தமிழில் கொஞ்சினார், என் கணவர் கன்னடத்தில் கெஞ்சினார், நான் இரண்டிலும் மிரட்டினேன். "கத்தி இல்லாத எடத்துக்குப் போலாம்" என்பதே அவனுடைய நிலைப்பாடு. இருபது நிமிடம் போயிருக்கும். அப்போது கார்த்தி வந்தான். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். கடமையைச் செய்கிறவனுடைய முகம்.

"அம்மா, இப்ப ரத்தம் வந்துருச்சு."

"யாருக்குடா?"

"அக்காக்கு. ஒரு சொட்டுதான். காதுக்குப் பின்னாடி."

"எப்படிடா வந்துச்சு?"

"மொட்டை போடறப்ப."

நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. வித்யா மணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜடை அவள் மடியில், ரிப்பனோடு. மழித்தவர் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பாப்பாதானுங்க சீட்ட நீட்டுச்சு. யாருக்கு சாமின்னேன். எனக்குத்தான்னு உக்காந்துக்குச்சு. காலையிலிருந்து இத்தன அடக்கமா ஒரு கொழந்த உக்காரலீங்க. கடைசீலதான் கொஞ்சம் திரும்பிருச்சு."

"ஏன்டி?" என்றேன்.

"நம்ம முறை வந்துருச்சும்மா. வரிசைய விடக் கூடாதுன்னியே. மாது வேற அழறான்." அவள் தலையைத் தொட்டுப் பார்த்துக் கையை உடனே எடுத்துக்கொண்டாள். "நான் பெரியவதானே."

கார்த்தியைத் திரும்பிப் பார்த்தேன். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறான். "ஏன்டா அப்பவே வந்து சொல்லல?" "அப்ப ரத்தம் வரலியே" என்றான். பதில் சரியாக இருந்தது. அக்கா கடைசியில் ஏன் திரும்பினாள் என்று மட்டும் அவன் சொல்லவில்லை. "இவன்தாம்மா, வலிக்குதா வலிக்குதான்னு காதுல கேட்டுட்டே இருந்தான்" என்றாள் வித்யா.

என் கணவர் மாதுவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துசேர்ந்தார். வித்யாவைப் பார்த்ததும் அவனை மெதுவாகக் கீழே இறக்கினார். என்னிடம் தணிந்த குரலில், "இன்னொரு சீட்டு வாங்கிட்டு வரட்டா? வேண்டினது இவனுக்குத்தானே" என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது நாள் நினைவுக்கு வந்தது. வேண்டுதல் பாக்கி என்றால் என்ன ஆகும் என்று ஊரில் கேட்ட கதைகளெல்லாம் நினைவுக்கு வந்தன.

அது வித்யாவுக்குக் கேட்டுவிட்டது. "மாதுவுக்கும் போட்டா, அப்ப என்னோடது எதுக்கும்மா?" என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

இரண்டாவது சீட்டு வாங்கவில்லை. அவள் தலையில் சந்தனம் பூசினோம். மாது அதைத் தொட்டுப் பார்த்தான், பிறகு முகர்ந்து பார்த்தான், பிறகு தனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதான். திரும்பும்போது பேருந்தில் கார்த்தி தன் ஜன்னலை வித்யாவுக்குக் கொடுத்தான். யாரும் அவனைக் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கோலாட்டத்தில் அவள் கடைசி வரிசையில், தலையில் துணி கட்டிக்கொண்டு ஆடினாள். "பின்னாடி நின்னா யார் தப்புப் போடறாங்கன்னு எல்லாம் தெரியுதும்மா" என்றாள். அதன் பிறகு அந்த "பெரியவதானே"யை நான் சொல்லவே இல்லை என்று எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். மறுநாள் காலையே சொன்னேன், பற்பசை விஷயத்தில். அவள் கட்டுப்படவில்லை என்பதுதான் வித்தியாசம். மாதுவுக்கு அடுத்த சில வருடங்கள் எப்போது உடம்பு சுட்டாலும், தெர்மாமீட்டர் பார்ப்பதற்கு முன் வித்யாவின் தலையைத்தான் பார்ப்பேன். முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று.

பெங்களூர்ப் பேருந்து புறப்பட்டுப் போன பிறகு நான் வீட்டுக்கு வந்தேன். கார்த்தி ஹூப்ளியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். "என்னடா விசேஷம்?" என்றால், "ஒண்ணும் இல்லம்மா" என்பான். வித்யா தன் இரண்டு பிள்ளைகளோடு ஷிமோகாவில். நீலத் தம்ளர் அலமாரியில் இருக்கிறது. சுவரோரம் யாரும் படுப்பதில்லை.

அந்த மலைச்சீட்டில் பாதியைக் கிழித்து அங்கே வைத்துக்கொண்டார்கள். மறுபாதி வித்யாவின் பழைய ரிப்பனோடு என்னிடம் இருக்கிறது. மதியம் எடுத்துப் பார்த்தேன். கன்னடத்தில் ஓர் எண், அதற்குக் கீழே "ஒரு முடி காணிக்கை" என்று அச்சடித்திருக்கிறது. பெயர் எழுத அதில் இடம் கிடையாது.