வயசு என்னம்மா?

மெடிக்கல் ஷாப் வேலைன்னா மாத்திரை எடுத்துக் குடுக்கிறது பாதி. என்ன வேணும்னு சொல்லாம நெளியுறவங்க முன்னாடி நாமளும் நெளியுறது மீதி. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் இருபது வருஷமா கவுண்டர்ல நிக்கிற பார்மசிஸ்ட் நான். என்னை மாதிரி நின்னு நின்னு கால் வீங்கினவங்களுக்கு இதெல்லாம் புரியும்.

ரெண்டாவது ஓஆர்எஸ்

காலேஜ் ரெண்டாவது வருஷப் பையன் ஒருத்தன். ஒரு ஓஆர்எஸ் பாக்கெட் கேட்டான். குடுத்தேன், போகல. பஞ்சு கேட்டான், தைலம் கேட்டான். கண்ணு மட்டும் எனக்குப் பின்னாடி இருக்கிற ஆணுறை டப்பா மேலயே இருக்கு. எனக்கா, பொறுமையே கிடையாது. "வாயைத் திறந்து கேளேம்ப்பா, பாதுகாப்பா இருக்கிறதுல என்ன வெக்கம்?"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. அவனும் ஒரு வழியா வாயைத் திறந்தான். சரியா அந்த நேரம் பார்த்து அவங்க தெரு அங்கிள் பிரஷர் மாத்திரைக்கு வந்து பக்கத்துல நின்னாரு. பையன் சட்டுனு சொன்னான்: "அக்கா, இன்னொரு ஓஆர்எஸ் குடுங்க."

டப்பா போன இடம்

அன்னிக்கே அந்த டப்பாவை கவுண்டர் மேலயே வெச்சேன். கேக்கவே வேணாம், எடுத்து நீட்டினா போதும். சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா காணோம். பெரியவங்க டயப்பர் மூட்டைக்குப் பின்னாடி கிடக்குது! மறுபடி மேல வெச்சேன். மறுபடி கீழ. ஒரு வாரமா எனக்கும் ஓனர் அண்ணனுக்கும் இதே வேலை. சண்டைக்கே போயிட்டேன். அவர் நிதானமா சொன்னாரு: "நீ சொல்றது கரெக்டும்மா, ஆனா என் வொய்ஃபோட சர்ச் ஆளுங்க எல்லாம் நம்ம கடைக்குத்தானே வராங்க!"

மூணாவது கடை

போன மாசம், திங்கட்கிழமை மத்தியானம். காலேஜ் பொண்ணு ஒருத்தி மெல்ல வந்து, கர்ப்பம் ஆகாம இருக்க அவசரத்துக்குப் போடுற மாத்திரை வேணும்னு கேட்டாள். பழக்கதோஷம், "வயசு என்னம்மா?"ன்னுட்டேன். பத்தொன்பதுன்னாள். "ஸ்டாக் இல்ல"ன்னேன். வம்பு வேணாம்னு அண்ணன் அதை வாங்கி வைக்கிறதே இல்ல. அவள் இறங்கிப் போயிட்டாள்.

எனக்கு இருப்பே கொள்ளல. மூணு நாளைக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது தெரிஞ்ச நானே அனுப்பி வெச்சுட்டேனே! கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்ட்ல அழுதுட்டு நின்னாள். ஆட்டோ பிடிச்சு, பெருங்களத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "எப்போ ஆச்சு?"ன்னு டாக்டர் கேட்டாங்க. சனிக்கிழமைன்னாள். நல்லவேளை, நேரம் இருந்துச்சு. டாக்டர் திட்டல. மாத்திரையைக் குடுத்து, இது வியாதியைத் தடுக்காது, அதுக்கு ஆணுறைதான், பீரியட்ஸ் தள்ளிப்போனா டெஸ்ட் பண்ணிடுன்னு பொறுமையா சொன்னாங்க.

வெளியே வந்ததும் ஒரு தேங்க்ஸ் வரும்னு எதிர்பார்த்தேன், பொய் சொல்லல. அவள் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சொன்னாள்: "மூணு கடையிலயும் என் வயசைத்தான் கேட்டாங்க அக்கா, நீங்களுந்தான், எப்போ ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

இருபது வருஷமா ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் திருப்பி எக்ஸ்பயரி டேட் பார்த்தே குடுக்கிற எனக்கு, அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு நேரம் மிச்சம் இருக்குன்னு கேக்கத் தோணல பாருங்க.