சிவப்புக் கட்டத்தில் இருந்த செய்தி

மலேசியாவில் கோலா பிலா பக்கம், எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகளை லாரியோடு நிறுக்கும் இடத்தில் எனக்கு வேலை. லாரியின் எடையைக் கணினியில் அனுப்பினால், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற தானியங்கி நிரல் அதைச் சரிபார்த்து, யாரும் மாற்ற முடியாத பிளாக்செயின் பதிவேட்டில் ஏற்றும். பதிவில்லாத லாரியை ஆலை உள்ளே விடாது.

அன்று ஓட்டுநர் மணியண்ணனின் லாரி எடையை அனுப்பினேன். திரையில் வட்டம் வெகுநேரம் சுற்றிவிட்டு ‘தோல்வி’ என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். சிவப்புக் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. ஆங்கிலம் படிக்க வராத கூச்சத்தில் வழக்கம்போல உடனே மூடினேன். அழுத்த அழுத்த, சிவப்புதான். ஆலை கதவடைக்கும் நேரம் நெருங்கியது.

“ஏம்மா, பழம் லாரியிலயே எண்ணெயாயிரும் லா!” என்றார் அண்ணன்.

வேறு வழியில்லாமல், எடை அனுப்பும் செயலியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய பெண்ணுக்குப் போன் செய்தேன். முன்பின் பேசியதில்லை.

“கட்டத்துல என்னக்கா போட்டிருக்கு?”

“லைன் சரியில்ல லா,” என்று சமாளித்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. “ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்கக்கா. எனக்கு அவசரமே இல்ல.”

எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்கத்தான் வராது; எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

“அக்கா! ‘ஏற்கெனவே பதிவாயிருச்சு’ன்னு போட்டிருக்கு. மொத தடவையே போயிருச்சு. பதில் வர்றதுக்குள்ள என் புரோகிராம் அவசரப்பட்டு தோல்வின்னு காட்டிருச்சு. அதே லாரிய திரும்ப அனுப்புனா கான்ட்ராக்ட் ஏத்துக்காது. தப்பு எம்மேலதான். லாரிய விடுங்க!”

“நல்ல சேதியவா இவ்ளோ நேரம் மூடி மூடி வெச்ச?” என்று கத்திக்கொண்டே அண்ணன் லாரியைக் கிளப்பினார்.

புரியாத எழுத்தெல்லாம் என்னைத் திட்டுகிறது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சிவப்பைக் கண்டால் இப்போதும் பயம்தான். ஆனால் மூடுவதில்லை. அவளுக்குப் போன் போட்டு, முதல் எழுத்திலிருந்து சொல்லத் தொடங்குகிறேன்.