அம்மா வெயிலைப் பார்த்துக் கட்டிய கடை

புதுத் துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதற்குப் பிறகுதான் சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் அம்மா கட்டிய கடையும், அதன் மேசைமேல் கண் கூசாமல் பரவிக் கிடந்த பகல் வெளிச்சமும் நினைவுக்கு வரும்.

புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி விற்கும் "மேச்சிங் கடை" அது. அதற்கு முன்னால் அம்மா வாடகைக்கு எடுத்திருந்த அறையில் ஜன்னலே கிடையாது. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சையும் வெளியே போனால் வேறு வேறாகிவிடும் என்பதால், வருகிற பெண்களெல்லாம் புடவையை ஒரு கையிலும் "பிட்"டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். அப்படி ஓடிய ஒரு டீச்சரின் பட்டுப்புடவையைக் கடற்காற்று பிடுங்கிக்கொண்டுபோய், கல்பாக்கம் போகிற பஸ்ஸின் சக்கரத்தடியில் போட்டது. அந்த டீச்சர் நடுத்தெருவில் நின்று அழுததைப் பார்த்த அன்றைக்கே அம்மா சொன்னாள்: "இனிமே எங் கடைக்கு வர்றவங்க யாரும் துணிய எடுத்துகினு தெருவுக்குப் போவக் கூடாது."

தாய்வீட்டில் அவளுக்குக் கொடுத்த மனை மேற்கே ரோட்டைப் பார்த்திருந்தது. ரோட்டோரம் ஒரு பூவரச மரம். அங்கே கடை கட்டுவதென்று முடிவானதும் அம்மா கொத்தனாரைக் கூப்பிடவில்லை. மனை முழுக்கச் சவுக்குக் கழிகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே சிவப்புத் துணியிலிருந்து கிழித்த துண்டுகளைக் கட்டிவிட்டாள். கோடை விடுமுறை முழுவதும் எனக்கும் தம்பிக்கும் அதுதான் வேடிக்கை. காலையிலும் உச்சியிலும் சாயங்காலத்திலும் அவள் போய், எது வெளுக்கிறது, எது உள்ளபடி சிவப்பாகத் தெரிகிறது என்று கழி கழியாகப் பார்ப்பாள். ஊருக்குள் புது அம்மன் வந்திருக்கிறாள் என்று யாரோ நினைத்துக்கொண்டு, ஒருநாள் கழியடியில் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரமும் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். "கும்புடறவங்க கும்புடட்டும், கழிய மட்டும் நவுத்தாம இருந்தா சரி" என்று அம்மா சிரித்தாள்.

சிரிக்காதவர் பெரியப்பா. அப்பாவின் அண்ணன், ஆயுளில் ஒரு கைக்குட்டைகூட விற்றவரில்லை. ஆனால் கடை எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். தெருவே கேட்கும்படி, "இன்னாம்மா, கொடிக்கம்பம் நட்டுகினு கீற? ரோட்டப் பாத்து அகலமா ஷட்டர் போடுவியா, அத வுட்டுட்டு! ரோட்டப் பாக்காத கடைக்கு எவன் வருவான்?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

விடுமுறை முடிவதற்குள் ரோட்டுப் பக்கத்துத் துணிகள் ரோஜா நிறத்துக்கு வெளுத்துவிட்டன. மரத்தடியில் வெளுக்கவில்லை, ஆனால் இலையின் பச்சை ஏறி, சிவப்பு செங்கல்லாகத் தெரிந்தது. "மரத்தாண்ட நெறம் பொய் சொல்லுது" என்றாள் அம்மா. வடக்கு வெளிச்சம் மட்டும் படும்படி அவள் ஓலை சார்த்தியிருந்த வடக்கு ஓரத்தில்தான் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அதனால் மேற்கே ஒரு கதவு மட்டும் வைத்து, மாலை வெயிலைத் தடுக்கிற வேலையைப் பூவரசுக்கே விட்டாள். வடக்குச் சுவரில் உயரத்தில் நீளமான ஜன்னல். ஆனி மாதத்தில் வடக்கிலிருந்தும் வெயில் எட்டிப்பார்க்கும் என்று அதற்கு அகலமான "சன்ஷேடு". கடற்காற்று வந்துபோகக் கிழக்கே கூரையை ஒட்டித் துளைத்துளையாக ஜாலி வைத்த சுவர். பெரியப்பா பிஸ்தா பச்சை அடிக்கச் சொன்ன உட்சுவர்களுக்கு வெறும் வெள்ளை, ஏனென்றால் சுவரின் பச்சையும் துணிமேல் ஏறும். அதன்பின் கரண்ட் போனாலும் வியாபாரம் நிற்கவில்லை, துணியைத் தூக்கிக்கொண்டு யாரும் தெருவுக்கு ஓடவும் இல்லை.

இப்போது கடை தம்பி கையில். பெயர்ப் பலகையை மறைக்கிறதென்று பூவரசை வெட்டினான். மேற்குச் சுவரை இடித்துத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி போட்டான். வடக்கு ஜன்னலை அலமாரி மூடிவிட்டது, ஏசிக்காக ஜாலியையும் அடைத்தாயிற்று. ஏனடா என்று கேட்டால், "முன்பக்கம் எலிவேஷன் இல்லாத கடைக்கு எவன்க்கா வருவான்?" என்கிறான், பெரியப்பா செத்த பிறகும் கடையை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. கண்ணாடி வழியாக வெயில் அடிக்கிறதென்று சாயங்காலமானால் திரையை இழுத்துவிட்டு, உள்ளே இருட்டாயிருக்கிறதென்று விளக்கைப் போடுகிறார்கள். இந்த அழகுக்குப் பிளான் போட ஒரு இன்ஜினியர் வேறு. கண்ணாடியோரம் நிற்கிற பொம்மைக்குக் கட்டிய புடவை வெளுத்தால் சாயம் சரியில்லையாம்!

போன மாதம் நான் போயிருந்தபோது, கல்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் மாம்பழ மஞ்சள் பட்டுக்குத் துணி கேட்டார். விற்கிற பெண் ஒன்றை எடுத்து வைத்து, "லைட்ல தெரியாது மேடம், வெளிய எடுத்துகினு போய்ப் பாத்துக்கங்க" என்றாள். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். புடவையின் முந்தானையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின.

"இது வேற மஞ்சள்மா, உனக்கு வேணாம்" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து தம்பி, "வர்ற வியாபாரத்தையும் கெடுக்கறியேம்மா!" என்று கத்தினான். அம்மாவுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. அவள் நிழலுக்கு ஒதுங்குகிற பழக்கத்தில் பூவரசு நின்ற இடத்தில்தான் போய் நின்றிருந்தாள். துணி காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, உச்சி வெயிலில், தெருவில்.