ஆம்ப்ளிஃபயர் விற்காமல் போனவர்

இன்று எங்கள் போலாரம் வீட்டுக்கு ஹோம் தியேட்டரைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். சிறிய ஸ்பீக்கர்களும் அடிச் சத்தத்துக்கென்று ஒரு பெரிய சப்வூஃபரும் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. சத்தத்தைக் கூட்டினால் கரகரவென்றது. வசனம் புரியவில்லை.

"இன்னிக்குச் சரியாகலேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்று என் மனைவி ரோஸி சொல்லிவிட்டாள். எனக்கோ அதைப் பிரிய மனமில்லை.

கடைக்காரர் போனிலேயே, "பவர் பத்தல சார், தனியா ஆம்ப்ளிஃபயர் போடணும், ஆள் அனுப்புறேன்" என்றிருந்தார். அதனால் வந்தவரின் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது வெளியே எடுப்பார் என்று.

அவர் எடுக்கவில்லை. டிவி திரையில், எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் என்ற இடத்தைத் திறந்தார்.

"கொஞ்சம் நகருங்க, நானே படிக்கிறேன்" என்றேன். இந்த வயதில், இந்த வருடம்தான் எழுத்துப் படிக்கக் கற்றேன். எழுத்துக் கூட்டி முழுதும் படித்துவிட்டேன்! நாற்பது ஹெர்ட்ஸ் என்று இருந்தது.

"இத்தினி சின்ன ஸ்பீக்கர் தலையில இவ்ளோ கனமான சத்தத்தை ஏத்தியிருக்கு அங்கிள். எண்பது வெச்சா, அதுக்குக் கீழ உள்ள அடிச் சத்தமெல்லாம் சப்வூஃபர் பாத்துக்கும்" என்றார் வந்தவர்.

"அப்போ ஆம்ப்ளிஃபயர்?"

"நக்கோ அங்கிள், வேணாம். இந்த ரூமுக்கு அது கைக்கு, எதுக்கு?"

எண்பது வைத்தார். படத்தில் ஒருத்தி மெல்லப் பேசியது சமையலறை வரை தெளிவாகக் கேட்டது. ரோஸி வந்து உட்கார்ந்தாள். "சரி, இருக்கட்டும்" என்றாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதுதான் இடிக்கிறது. விற்க வருபவரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். டீகூடக் குடிக்காமல், ஒன்றும் விற்காமல் போனவரை எப்படி நம்புவது? உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வந்தார்களா, சொல்லுங்கள்.