வாய் திறக்காத வாரமும் முதல் பாடும்

எனக்குப் படகு ஒத்துக்கொள்ளாது. பழவேற்காடு ஏரியோரத்தில் மீனவக் குப்பத்தில் பிறந்துவிட்டு, கரையில் கட்டிக் கிடக்கிற படகில் உட்கார்ந்தாலே வாந்தி எடுக்கிறவன் அநேகமாக நான் ஒருத்தன்தான். என் நைனா ஒரு மழைக்காலம் முழுக்க முயன்று பார்த்துவிட்டு, "இவன எதுனா படிக்க வை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் பொருளாதாரம் படித்த கதை இவ்வளவுதான். பின்னாளில் பேட்டி எடுக்க வந்தவர்களிடம், வறுமையின் வேரை அறியும் தாகம், அது இது என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

பொன்னேரியில் கல்லூரி, சென்னையில் மேல்படிப்பு, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை, பிறகு டெல்லியில் நிதித்துறை, கடைசியில் மும்பையில் மத்திய வங்கி. நாட்டின் வட்டி விகிதத்தைத் தீர்மானிக்கிற குழுவில் நானும் ஒருவன். ஊரில் இதைச் சுருக்கி எனக்கு 'வட்டி' என்று பேர் வைத்துவிட்டார்கள். "வட்டி வந்துகீறாருபா" என்று யாராவது குரல் கொடுத்தால், கடன் வாங்கினவர்கள் திடுக்கிட்டுத் திரும்பி, என்னைப் பார்த்ததும் நிம்மதி அடைவார்கள்.

சந்தை சரிந்தால் முதலில் வேர்ப்பது எனக்குத்தான். ஆனால் இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு முகத்தைத் தயார் பண்ணி வைத்திருக்கிறேன். உதட்டோரம் லேசான சிரிப்பு. தலை மெல்ல மேலும் கீழும். ஆமாம் என்றும் அர்த்தமில்லை, இல்லை என்றும் அர்த்தமில்லை. கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டால் நடுக்கம் தெரியாது. 'நிதானமானவர்' என்று பத்திரிகைகள் எழுதும். அந்த நிதானத்தால்தான் போன வருஷம் தம்பியின் பிழைப்பில் கை வைத்தேன்.

ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. மழைக்காலத்தில் முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டினால் இறால். வடக்கே சேற்றுப் பக்கம் கட்டினால் பாசியும் நாலு நண்டும். சண்டை வராமல் இருக்க, யாருக்கு எந்த இடம், எப்போது என்று கோயில் முன்னால் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். குடும்பத் தலைவனோ அவன் கூடப் பிறந்தவனோ நேரில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் வரவில்லையென்றால் அந்த வருஷம் பாடு இல்லை.

தம்பி படகுத்துறையில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பல மாதம் கடலுக்குப் போக முடியாது. அந்த வீட்டுக்கு ஏரிப் பாடு ஒன்றுதான் கதி. வலை கட்ட அவன் மச்சினன் இருந்தான். கூட்டத்தில் உட்கார மச்சினனுக்கு உரிமையில்லை. மிச்சம் நான்.

நேரம் பார்த்து அது எங்கள் வாய் திறக்காத வாரம். வட்டித் தீர்மானம் வெளிவரும்வரை குழுவில் உள்ளவர்கள் பொருளாதாரம் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது விதி. நான் பயத்தில் அதை இன்னும் கொஞ்சம் இழுத்து, எதைப் பற்றியும் பேசாமல் இருப்பவன். அந்த நாட்களில் இட்லியா தோசையா என்று கேட்டால்கூட யோசிப்பேன்.

கும்மிடிப்பூண்டி ரயிலில் பக்கத்தில் கூடையோடு ஒரு அம்மா. என் கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்து, "நகை வட்டி கொறையும்னு எதுனா போட்டுக்கீறானா சார்?" என்றார்.

"பார்க்கலாம்" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பார்க்கலாம் என்றால் குறையும் என்றுதானே எடுத்துக்கொள்வார்? பொன்னேரியில் இறங்கும்வரை அந்த அம்மா யாருக்காவது போன் பண்ணுகிறாரா என்று கண்காணித்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தம்பி மாவுக்கட்டோடு படுத்தபடி எனக்குப் பாடம் எடுத்தான். "ண்ணா, நீ ஒன்னியும் பண்ணாத. சும்மா குந்து. பேரு கூப்ட்டா இருக்கேன்னு சொல்லு. வேற எவனா எதுனா கேட்டா இல்லன்னு சொல்லு. ரெண்டே வார்த்த."

அறிக்கை அறிக்கையாக எழுதியவன் நான். அந்த இரண்டு வார்த்தையும் எந்த அறிக்கையிலும் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கூட்டம் மறுநாள் காலையில் ஆரம்பித்தது. ஊர்த் தலைவர் சீட்டுப் பானைக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்தார். தம்பி பேருக்கு முகத்துவாரம். அதுவும் முதல் பாடு. "இருக்கேன்" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது, ஆனாலும் வந்தது. கோயில் சுவரோரம் பெண்களோடு நின்ற தம்பி மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது போனில் செய்தி வந்தது. அலுவலகத்திலிருந்து. 'வட்டி குறையும் என்று யாரோ வாய் தவறிச் சொன்னதாகச் சந்தையில் பேச்சு. கவனம்.'

யாரோ. வேறு யார், நான்தான். அந்த அம்மா தூங்கவில்லை, தூங்குவதுபோல் நடித்திருக்கிறார். கூடைக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லையே. விசாரணை, ராஜினாமா, 'நிதானமானவர்' என்ற சொல்லுக்கு முன்னால் 'ஒரு காலத்தில்' என்று சேர்த்துப் பத்திரிகைச் செய்தி. எல்லாம் வரிசையாக ஓடியது. முகம் தானாகவே சிரிப்பைப் போட்டுக்கொண்டது. தலை மெல்ல ஆடியது. மேசை இல்லாததால் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

அதே நேரத்தில் கூட்டத்தில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் எழுந்து நின்றிருக்கிறான். அவனுக்கு விழுந்தது சேற்றுப் பக்கம். ஆள் படுத்துக்கிடக்கிற வீட்டுக்கு முகத்துவாரம் எதற்கு, மாற்றிக் கொடுக்கட்டும் என்று கேட்டிருக்கிறான். எங்கள் ஊர் முறைப்படி தலைவர் மூன்று தரம் கேட்பார், மறுக்காவிட்டால் சம்மதம். மூன்று தரமும் கேட்டிருக்கிறார். மூன்று தரமும் நான் புன்னகையோடு தலையாட்டியிருக்கிறேன்.

"பெரிய மனுசன்னா இதுதான்யா" என்று யாரோ என் முதுகில் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன். பள்ளிக்கூடத்துக்காரன் வந்து என் கையை வெளியே இழுத்துக் குலுக்கினான். "மச்சான், இந்த மனசு எவனுக்குபா வரும்."

சுவரோரம் பார்த்தேன். தம்பி மனைவி கூட்டத்தின் ஓரத்துக்கே வந்திருந்தாள்.

"மாமா, இன்னா தலையாட்டினீங்கோ?"

"எதுக்கு?"

"மொதப் பாட்ட தூக்கிக் குடுத்துட்டு எதுக்குன்றீங்களா? சேத்துல இன்னா கீது, அவரு கால் கட்டப் பிரிச்சி அதுல போடவா?"

விஷயம் புரிய எனக்கு ஒரு மூச்சு நேரம் ஆனது. தலைவர் பானையைத் தூக்கிவிட்டார். அதைக் கவிழ்த்துவிட்டால் அந்த வருஷக் கணக்கு முடிந்தது.

"இல்ல" என்றேன். தம்பி சொல்லிக்கொடுத்த இரண்டாவது வார்த்தை, மூன்று கேள்வி தாமதமாக.

தலைவர் பானையை அப்படியே பிடித்துக்கொண்டார். "இன்னாபா வெளாட்டு? ஊரு முன்னாடி தலையாட்டிட்டு இல்லன்னா எப்பிடி? காரணம் சொல்லு."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். 'மாறிவரும் சூழலைக் கருத்தில்கொண்டு' என்று ஒரு வாக்கியம் தயாராக வந்தது. பாதி சொல்லியும் விட்டேன். தலைவர் பானையைச் சாய்த்தார்.

"பயந்துட்டேன்" என்றேன். "போன்ல ஒரு சேதி வந்துது. என் வேல போச்சின்னு நெனச்சி பயந்துட்டேன். நீங்க கேட்டது ஒன்னுமே காதுல வுழல. நான் பயந்தா தலை ஆடும்."

முதலில் சிரித்தது என் பள்ளிக்கூடத்துக்காரன்தான்.

"வுடு தலைவரே. இவன் சொல்றது நெசம். ஆறாங்கிளாஸ்ல படகுல குந்தவெச்சப்பவும் இப்பிடித்தான் சிரிச்சிக்கினு தலையாட்டுவான். நல்லாத்தான் கீறான்னு பாத்தா என் மேலயே வாந்தி எடுப்பான்."

கோயில் முன்னால் இருந்த மொத்த ஊரும் சிரித்தது. என் நிதானத்தின் ரகசியத்தை எந்த நிருபரும் இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்ததில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு செய்தி வந்தது: பேச்சு வேறொரு நாட்டின் வட்டியைப் பற்றியதாம், நமக்கு ஒன்றுமில்லையாம். ரயில் அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சரி, முகத்துவாரம் உங்க வூட்டுக்கே. ஆனா இருக்கேன்னு சொன்னவன்தான் மொத நாளு வலைக்கு மொதக் கழி ஊணணும். அது மொற. அதுல மாத்தமில்ல."

நான் தலையாட்டினேன்.

"வாயால சொல்லு" என்றாள் தம்பி மனைவி. அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு, "சொல்லுங்க மாமா" என்றாள்.

"சரி" என்றேன்.

முதல் பாடு அடுத்த நாளே. மும்பைக்கு விமானம் சாயங்காலம்தான். மச்சினன் படகைத் தள்ள, துணைக்குப் பள்ளிக்கூடத்துக்காரனும் ஏறிக்கொண்டான். வேடிக்கை பார்க்க என்று வெளிப்படையாகவே சொன்னான். முகத்துவாரம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை வாந்தி. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கழியைச் சேற்றில் ஊன்றி, அது நிற்கிறதா நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். மச்சினன் மற்ற கழிகளை ஊன்றி வலையைச் சுற்றிக் கட்டினான்.

வலையைத் தூக்கியபோது இறால் துள்ளியது. நிறைய. கரையில் தம்பி மனைவி அன்னக்கூடையைச் சாய்த்து இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். போனைப் போட்டு என் காதில் வைத்தாள்.

"கூட்டத்துல இன்னா சொன்ன ண்ணா?" என்றான் தம்பி.

"பயந்துட்டேன்னு சொன்னேன்."

"அது ஊருக்கே தெரியும். அத்தவுடு. எறா எம்மாங் கீது?"

"பார்க்கலாம்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "ரெண்டு கூடை" என்றேன்.