ஆறு திரும்பிய சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், லண்டனின் கிரீனிச் பக்கத்து ஆற்றங்கரையில் நடந்தது இது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த நாள் முதல் லூயிஷாமில்தான் இருக்கிறேன், முப்பது வருடங்களுக்கு மேல். மகள் இங்கேயே பிறந்தாள். மருமகன் முசிறிக்குப் பக்கத்தில் ஒரு காவிரிக்கரைக் கிராமத்துப் பிள்ளை; கம்ப்யூட்டர் வேலையாக வந்தவர், எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டார். அந்தக் கோடையில் அவருடைய அம்மா, என் சம்பந்தி, பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். நாலு வயதுக்காரிக்கு நான் அம்மம்மா, அவர் அப்பாயி.

சனிக்கிழமை என்றால் ஊர் சுற்றல். அவர் கிளறிய புளிச்சாதமும் நான் பொரித்த ரோல்ஸும் ஒரே பையில் ஏறும். ஒரு வாரம் கோட்டை, ஒரு வாரம் ரோஜாத் தோட்டம், ஒரு வாரம் கடற்கரை. எங்கே போனாலும் சம்பந்தி மரியாதையாக எல்லாவற்றையும் பார்ப்பார், நன்றாயிருக்கிறது என்பார், பிறகு மகனிடம் மெல்லக் கேட்பார்: "இங்க ஆறு எங்கப்பா இருக்கு?" பிரைட்டனில் கடலுக்கு முன்னால் நின்றுகொண்டும் அதையே கேட்டார். மருமகன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் கேட்கிறார் என்று அறியும் ஆவல்தான் வந்தது. தோளில் ஒரு துணிப்பை வேறு. உள்ளே ஏதோ உருண்டையாக. நான் வாங்கித் தூக்க முயன்றால் கொடுக்க மாட்டார்.

நானும் வெளிநாடு போகாதவள் அல்ல. பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, டொரொண்டோ. ஆனால் எங்கள் ஆட்களின் பயணம் எப்படியென்று உங்களுக்குத் தெரியுமே. ஒரு கல்யாணம், ஒரு பிள்ளை பெரியவளானதற்கான சாமத்தியச் சடங்கு, ஒரு செத்தவீடு. விமான நிலையத்திலிருந்து சித்தப்பா வீடு, அங்கிருந்து கல்யாண ஹோல், ஹோலிலிருந்து திரும்ப விமான நிலையம். எந்த நாட்டுக்குப் போனாலும் அதே சோபா, அதே மட்டன் கறி, அதே முகங்கள் கொஞ்சம் வயதேறி. இவரோ அமெரிக்காவில் மூத்த மகனிடமும் ஜெர்மனியில் மகளிடமும் போய் வந்தவர். அங்கேயும் ஆறுதான் தேடினாராம். அதைக் கேட்டபின் என் மண்டைக்குள் வண்டு புகுந்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அவருடைய கடைசிச் சனிக்கிழமை. மறுநாள் விமானம். மருமகன் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். மகள், பேத்தியை ஊஞ்சலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் இருவரும் கரைச் சுவரோரம் நின்றோம். சுவரில் ஒரு இடைவெளி. அதன் வழியே கல்படிகள் ஆற்றுக்குள் இறங்கின. தண்ணீர் வற்றி, கீழே கூழாங்கல்லும் சேறுமாக ஒரு கரை தெரிந்தது.

சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். "சம்மந்தி, கீழ எறங்குவமா?"

முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் படிகளில் இறங்கியதில்லை. இறங்கலாம் என்று தோன்றியதுமில்லை. இப்போது அவரே கூப்பிடுகிறார், எனக்கு வேறென்ன வேண்டும்?

அவர் செருப்பைக் கழற்றி மேல்படியில் ஒழுங்காக வைத்தார்.

"சம்பந்தி, கண்ணாடித் துண்டுகள் கிடக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு வாங்கோ."

"ஆத்துக்குள்ள செருப்போடயா?" என்றார். திட்டவில்லை. என் சப்பாத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். நானும் கழற்றிவிட்டேன்.

கீழே போனால் அது வேறு ஊர். நகரத்தின் சத்தம் சுவருக்கு மேலே நின்றுவிட்டது. சிப்பி, செங்கல் துண்டு, துருப்பிடித்த ஆணி, ஏதோ ஒரு காலத்து மாட்டு எலும்பு. அக்கரையில் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலைத் திருப்பி எறிந்தன. தூரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி முழந்தாளிட்டுச் சேற்றில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். படியருகே நுரையும் பிளாஸ்டிக்குமாக இருந்ததால் சம்பந்தி நல்ல தண்ணீர் தேடிக் கிழக்கே நடந்தார். ஒரு மரத் துறையின் கால்களைத் தாண்டி, ஒரு பள்ளத்தைக் கடந்து, மேடான இடத்தில் நின்றார். பையைத் திறந்தார். மூடி போட்ட செம்பு. புளி போட்டுத் துலக்கியது, பளபளவென்று.

"ஊர்ல எங்க அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம்" என்றார். "மூணு பிள்ளைங்களும் மூணு தேசத்துல. ஒண்ணாலயும் வர முடியல. லீவு இல்ல, விசா இல்ல, பரீட்சைங்குது. சரி, அதுங்க குடிக்கிற தண்ணியாவது வந்து கலசத்து மேல விழட்டும்னு பூசாரிகிட்ட சொல்லிட்டேன்."

ஜெர்மனித் தண்ணீரும் அமெரிக்கத் தண்ணீரும் ஏற்கெனவே வீட்டுச் சாமி அறையில் இருக்கின்றனவாம். "அமெரிக்கால ஆறு ஒறஞ்சு கெடந்துச்சு. ஐஸை ஒடச்சு டப்பால போட்டு, அடுப்படில வச்சு உருக்கினேன். மருமக பாத்துட்டு, அத்தைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சுட்டா."

"தம்பிக்கு ஏன் சொல்லேல்லை?" என்றேன். மருமகனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவது.

"கிண்டல் பண்ணுவான். அப்புறம் கூட்டிட்டு வர மாட்டான்."

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். ஓடிவரும் தண்ணீருக்கு முகம் காட்டித்தான் மொள்ள வேண்டுமாம். சூரியனைப் பார்த்துத் திசை வைத்துக்கொண்டு, மேற்கே திரும்பி, செம்பைத் தாழ்த்தினார். தாழ்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் அவர் முதுகுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.

"சம்மந்தி, இது மேக்கால போவுதே. கடல் அங்கதான இருக்கு?" கிழக்கே கை காட்டினார். "கடல்லேர்ந்து எப்படி ஆறு வரும்?"

நான் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் போத்தல், ஒரு பலகைத் துண்டு, ஒரு வாத்து இறகு, எல்லாமே கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நகருக்குள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் ஆறு கிடையாது. கிணறு உண்டு, அதன் தண்ணீர் எங்கும் போகாது. கடல் உண்டு, அது எங்கும் போகாமலே அலைந்துகொண்டிருக்கும். ஓடுவதென்றால் ஒரு பக்கமாக ஓடுவது என்று யாரோ சொல்லக் கேட்டதுதான். இந்த ஆற்றை ரயிலில் எத்தனை தடவை கடந்திருப்பேன். அது எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு நாள் பார்த்தேனா?

"எனக்குத் தெரியாது சம்பந்தி" என்றேன்.

இருவரும் நின்று யோசித்தோம். அவர் ஒரு புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார். நான் ஒரு சிப்பியைப் போட்டேன், அது மூழ்கியது. கடல் தண்ணீர் புண்ணியம்தான், ஆனால் மகன் குடிப்பது இது இல்லையே என்றார் அவர். தண்ணீர் எங்கிருந்து வரக் கூடாதோ அந்தத் திசையையே, கிழக்கையே, இருவரும் வெறித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி கத்தினார். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். வந்தேறி வாழ்ந்த பழக்கம், தூரத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால் என் நாக்கில் மன்னிப்பு தயாராக நிற்கும். சம்பந்திக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. சிரித்துக் கையசைத்தார். அந்தப் பெண்மணி மறுபடி கத்தி, எங்களுக்கும் படிக்கும் நடுவே கை காட்டினார்.

நாங்கள் கடந்து வந்த பள்ளத்தைக் காணவில்லை. அங்கே தண்ணீர் இருந்தது. மரத் துறையின் கால்களைச் சுற்றியும் தண்ணீர். ஆறு சத்தமே இல்லாமல் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து கரையை எடுத்துக்கொண்டிருந்தது.

சம்பந்தி செம்பை மூடிக்கொள்ள, தண்ணீருக்குள் இறங்கினோம். கணுக்கால், முழந்தாள், அதற்கும் மேலே. ஆகஸ்டிலும் எலும்புக்குள் போகும் குளிர். நடுப் பள்ளத்தில் ஒரு படகின் அலை வந்து மோதியது. சம்பந்தி சாய்ந்தார். நான் அவர் தோளைப் பிடித்தேன். செம்பு கையிலிருந்து போய்விட்டது. மூடிய வெறும் செம்பு மிதந்தது, எங்களுக்கு முன்னால், படிகளை நோக்கி, வழி தெரிந்தது போல. "சம்மந்தி, செம்பு, செம்பு" என்று அவர் தன்னை விட்டுவிட்டு அதைப் பிடிக்கச் சொன்னார். விட முடியுமா? இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கால்விரல்களுக்குக் கீழே கூழாங்கற்கள் நகர்வது தெரிந்தது. வாழ்க்கையில் அப்படிப் பயந்தது சில தடவைகள்தான்.

எதிரே இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பெண்மணி வந்துகொண்டிருந்தார். ஒரு கையால் செம்பை அள்ளிக் கக்கத்தில் இடுக்கினார். மறு கையால் சம்பந்தியின் முழங்கையைப் பிடித்தார். மூவரும் ஒரே உடம்பாகப் படியில் ஏறினோம்.

சம்பந்தியின் குதிகாலில் வெட்டு. அந்தப் பெண்மணி தன் குடிதண்ணீரால் கழுவி பிளாஸ்டர் ஒட்டினார். பிறகு செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: பிள்ளைகள் வர முடியாததால் அவர்களுடைய ஆறுகள் வருகின்றன என்று. அவர் செம்பைச் சம்பந்தியின் மடியில் வைத்தார். பின் விளக்கினார். இந்த ஆறு தினமும் இரண்டு தடவை உள்ளே ஏறி, இரண்டு தடவை வெளியே திரும்பும். இப்போது வருவது கடல். மாலை ஆறு மணி வாக்கில் நின்று, திரும்பி, ஆறாகப் போகத் தொடங்கும். அந்த நேரத்தில் நீங்கள் கீழே இறங்கவே வேண்டாம், ஆறே படியேறி வந்திருக்கும் என்றார். பூட்ஸைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சதக் சதக்கென்று நடந்து போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நாங்கள்.

மகளும் மருமகனும் வந்து பார்த்தபோது இரண்டு ஈரக் கிழவிகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மா, உங்களுக்கு எத்தினை வயசு? பிள்ளையைப் பாக்கிறதா உங்களைப் பாக்கிறதா?" என்றாள் மகள்.

மருமகன் முகம் வெளுத்திருந்தது. கோபத்தைச் சிரிப்பாக்கப் பார்த்தார். "வீட்டுக் குழாய்ல வர்றதும் இதே ஆத்துத் தண்ணிதாம்மா. பிடிச்சுட்டுப் போக வேண்டியதுதான?"

"உன் கல்யாணத்துக்கு உன் போட்டோவ மணையில உக்கார வச்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களாடா?"

மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டி கட்டவில்லை, எடை பார்க்கவில்லை, நாளைக்கு விமானம் என்று முணுமுணுத்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

"தம்பி, நீங்கள் போறதெண்டால் போங்கோ" என்றேன். "நாங்கள் இருக்கிறம். ஆறு திரும்பினாப் பிறகு நான் சம்பந்தியை பஸ்ஸில கூட்டிக்கொண்டு வாறன்."

ஒருவரும் போகவில்லை.

புளிச்சாதம் முடிந்தது. ரோல்ஸ் முடிந்தது. தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. பேத்தி ஐஸ்கிரீம் குச்சியை எறிந்தாள். அது மேற்கே ஓடியது. இன்னொன்று, கொஞ்சம் மெதுவாக. வெயில் மஞ்சளாகச் சாய்ந்தபோது எறிந்த குச்சி எங்கும் போகவில்லை. போட்ட இடத்தில் நின்றது. அத்தனை அகலமான ஆறு, மூச்சைப் பிடித்துக்கொண்ட உடம்பு போல, அசையாமல். பேத்தி என் கையை இழுத்தாள். "அம்மம்மா, இட்ஸ் ஸ்டக்."

ஐந்து பேரும் அந்தக் குச்சியையே பார்த்தோம். அது மெல்லத் தன் முனையைத் திருப்பியது. திருப்பி, நாங்கள் பார்க்கப் பார்க்க, கிழக்கே நகர்ந்தது.

சம்பந்தி எழுந்தார். தண்ணீர் மூன்று படி கீழே இருந்தது. ஒருவரும் சொல்லாமலே மருமகன் பின்னால் குந்தி, அம்மாவின் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அவர் மேற்கே முகம் வைத்து, மூன்று தரம் மொண்டு ஊற்றிவிட்டு, நான்காம் தரம் செம்பை நிரப்பினார். தேநீர் நிறத்தில் இருந்தது. "நீயும் தொடு" என்று மகனின் கையை இழுத்துச் செம்பின்மேல் வைத்தார். மருமகன் கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் அதைத் தகரப் போத்தலுக்கு மாற்றி, மெழுகால் அடைத்து, பேத்தியின் பழைய ஸ்வெட்டரில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்தோம். தண்ணீர் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது.

கும்பாபிஷேகம் இங்கே விடியும் நேரத்தில். மருமகன் போனை மேசைமேல் நிறுத்தி வைத்தார். கோபுரத்துச் சாரத்தின்மேல் குருக்கள்மார், கீழே கூட்டம், மேளம். எந்தக் குடத்தில் எந்த ஆறு என்று யாருக்குத் தெரியும்? கலசத்தில் ஊற்றியதைக் கீழே நின்றவர்கள்மேல் தெளித்தார்கள். சம்பந்தியின் நனைந்த முகம் திரையை நிறைத்தது. "மூணு பேரும் எம்மேல விழுந்தீங்கடா" என்றார். மருமகன் எழுந்து சமையலறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

இப்போது ரயில் பாலத்தின்மேல் ஏறியதும் நான் ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன். ஆறு வருகிறதா போகிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த அந்த ஒரு கணத்தில், முப்பது வருடம் குடியிருந்த ஊருக்கு அன்றுதான் வந்து இறங்கியவள்போல் இருக்கிறது எனக்கு.