மூன்று விரல் உயரத்தில் ஒரு படி

ரயிலே வராத ஒரு பொட்டல் வெளியில் ரயில் நிலையத்து லிஃப்ட் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பெங்களூரின் கிழக்கு எல்லையைத் தாண்டி, யூகலிப்டஸ் தோப்பை ஒட்டியிருந்த எங்கள் யார்டில், மூன்று மாடி உயரத்துக்கு, கண்ணாடிச் சுவரும் மஞ்சள் கோடும் பார்வையற்றவர்கள் தடவிப் படிக்கும் பொத்தானுமாக முழுசாக நின்றது. அதன் தலையிலிருந்து ஒரு நடைபாலம் கிளம்பி எதிரே நின்ற இன்னொரு லிஃப்ட் கோபுரத்தில் போய்ச் சேர்ந்தது. பாலத்துக்குக் கீழே தண்டவாளம் இல்லை. இரண்டு நாய்கள் நிழலுக்குப் படுத்திருந்தன. அந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அதை வரைந்தவன் நான். அது எழுந்து நின்ற அன்றைக்கு என் கால் தரையில் பட்டதா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

வழக்கமாக ஒரு நிலையத்தில் லிஃப்ட் வைக்கிறார்கள் என்றால் அங்கே போகிற சனத்துக்கு ஏழரை பிடித்தது என்று அர்த்தம். நீலத் தகரத்தால் அடைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் தோண்டுவார்கள். நாங்கள் செய்தது வேறு. எல்லாவற்றையும் யார்டிலேயே செய்து, போல்ட் போட்டு நிறுத்தி, ஓட்டிப் பார்த்து, பிறகு ஆறு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், ரயில்களை நிறுத்திவைக்கும் மூன்றே மணி நேரத்தில் நிலையத்தில் நட்டுவிட்டு வந்துவிடுவது. இதற்கு ஒரே ஒரு எதிரிதான் உண்டு. கட்டட வேலைக்காரர்கள் எல்லோருடைய வாயிலும் ஊறிப்போன ஒரு பேச்சு அது: 'சைட்ல பாத்துக்கலாம்.' அளவு தப்பினால், துளை ஒட்டாவிட்டால், கதவு மூடாவிட்டால் எல்லாவற்றுக்கும் இதே மருந்து. மூன்று மணி நேரத்தில் எங்கே பார்த்துக்கொள்வது? அதனால் எங்கள் யார்டில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் மொத்தப் பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. மேனேஜர்கூடத் தப்பவில்லை.

அந்த யார்டின் க்யூசி அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். செய்த பொருளைச் சரிபார்த்து முத்திரை குத்துகிற க்யூசி வேலை அவருடையது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கோலார் தங்கவயல்காரர், சுரங்கத் தொழிலாளியின் மகள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸும் ஒரு ஊன்றுகோலுமாக நாள் முழுக்க யார்டைச் சுற்றி வருவார். பிடிக்காத வெல்டிங்கைச் சுற்றி மஞ்சள் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவார். வாயைத் திறக்க மாட்டார். அந்த வட்டத்தைப் பார்த்தாலே, மர்பி டவுனிலிருந்து வரும் எங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்குப் பாதி உயிர் போய்விடும்.

அக்கா தினமும் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து, நகர எல்லையில் உள்ள ஒரு நிலையத்தில் இறங்கி, வாசலில் நிற்கும் எங்கள் கம்பெனி வேனைப் பிடிப்பார். முதலில் ரயில் வாசல் பக்கத்துப் பிளாட்பாரத்திலேயே நின்றது, சிக்கல் இல்லை. பிறகு அதை எதிர்ப் பிளாட்பாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வெளியே வர முப்பத்தெட்டுப் படி ஏறி முப்பத்தெட்டுப் படி இறங்க வேண்டும். கொஞ்ச நாளில் நல்ல கால் முட்டியும் வீங்கத் தொடங்கியது. இப்படியே படி ஏறினால் இருக்கிற ஒரு காலும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா மேனேஜரிடம் கடிதம் கொடுத்துவிட்டார்: தீபாவளி வரைக்கும் வருவேன், அதற்குள் அங்கே லிஃப்ட் வராவிட்டால் நின்றுவிடுகிறேன். எங்களுக்குக் கிடைத்த முதல் ஆர்டரே அதே நிலையம்தான் என்று தெரிந்தபோது யார்டே குதித்தது. அக்கா மட்டும் சாயங்காலம் வேன் ஏறும் முன் அந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டுப் போவார்.

ரயில்களை நிறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை அக்கா வேனிலிருந்து இறங்கி நேராக என் மேஜைக்கு வந்தார். ஒரு சுற்றறிக்கைத் தாளின் பின்பக்கம் ஏதோ கோடு போட்டு வைத்திருந்தார்.

"தம்பி, டிராயிங்குக்குப் பீஸு கரெக்டா இருக்குது. பிளாட்பாரத்துக்குத்தான் உன் டிராயிங் கரெக்டா இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. "இன்னாக்கா சொல்றீங்க? சர்வே எடுத்துக் கையெழுத்துப் போட்ட லெவல்க்கா அது."

"சர்வே எப்பப்பா எடுத்தாங்க? அதுக்கப்புறம் பழைய கல்லுமேலயே புதுக் கல்லு போட்டுட்டானுங்க. நான் தினம் கட்டைய ஊணிட்டு நடக்கறவ, எனக்குத் தெரியாதா? படிக்கட்டுக் கைப்பிடி இத்தினி கீழ எறங்கிடுச்சு."

கல்லைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டாரே என்கிற கடுப்போடுதான் அன்று மத்தியானம் மட்டம் பார்க்கும் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு அவரோடு நிலையத்துக்குப் போனேன். எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் படியேறித்தான் போக வேண்டும். அவர் படி ஏறுவதை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஊன்றுகோல் முதலில், நல்ல கால் அடுத்து, பிறகு அந்த இரும்புக் கால் இழுபட்டு வந்து சேரும். ஒரு தடவைகூடத் தலை நிமிரவில்லை. நான் ஏதோ கேட்டேன். "மேல போய்ப் பேசலாம்" என்றார். படியிலும் தரையிலும் நடக்கும்போது அவர் யாரோடும் பேசமாட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவருடைய கவனம் முழுக்க அடுத்து ஊன்றப் போகும் அரை அடி இடத்தில்தான் இருந்தது. நான் எத்தனையோ மாதமாக அந்த நிலையத்தைக் கணினித் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தவன், வெட்கமாகப் போய்விட்டது.

அளந்தேன். நாற்பத்தைந்து மில்லிமீட்டர். இரண்டு பிளாட்பாரத்திலும் புதுக் கல் அவ்வளவு உயர்ந்திருந்தது. எங்கள் லிஃப்ட் வாசல் அவ்வளவு பள்ளத்தில் இருக்கும். படியே இல்லாத நிலையம் என்று பெருமை பேசிக்கொண்டு, லிஃப்டிலிருந்து வெளியே வருகிற இடத்தில் மூன்று விரல் உயரத்துக்கு நானே ஒரு படி வரைந்து வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் மேனேஜர் அறையில் எல்லோரும் கூடினோம். நான் அவசரத்தில் வாயைவிட்டேன். "பெருசா ஒண்ணும் இல்ல சார். வாசல்கிட்ட சின்னதா ஒரு சரிவு போட்டுட்டா முடிஞ்சுது. சைட்ல பாத்துக்கலாம்."

ஃபோர்மேன் அண்ணன் மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய், "நாப்பது டீ, நம்ம இன்ஜினியர் கணக்குல," என்று சத்தம் போட்டார். யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் கன்னடக்காரர், எங்களோடு தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். அக்காவிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "நோடம்மா, இந்த சண்டே போச்சுன்னா மறுபடி எப்போ லைன் குடுப்பாங்கன்னு தெரியாது. தீபாவளி தாண்டிடும். உனக்காகத்தான் சொல்றேன். சரிவு போடலாம், நீ சைன் பண்ணு."

அக்கா கையெழுத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் நிற்கும், அவர் வேலை பிழைக்கும். போடாவிட்டால் அவரே தன் வேலைக்கு முழுக்குப் போடுகிறார். அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குன்னா பரவால்ல சார், நான் எப்படியோ தாண்டிடுவேன். மழையில அந்தச் சரிவுல சக்கர நாற்காலி பின்னால உருளும். தள்ளுறவங்க தாங்குவாங்களா? படிய எடுக்கறோம்னு சொல்லிட்டு மறுபடி ஒண்ணு வெக்கறதா? நான் போட மாட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. டீ வந்தது. என் செலவில் வந்த டீயைக் குடிக்க முடியாமல் வெளியே போய்க் கோபுரத்தை முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கீழ் வாசலின் சட்டம் கோபுரத்தோடு வெல்டிங்கில் ஒட்டியது இல்லை, போல்ட்டில் நிற்கிறது! எல்லா நிலையத்துக்கும் ஒரே சட்டம் பொருந்த வேண்டும் என்பதற்காக நாங்கள் ஆரம்பத்திலேயே அப்படி வைத்திருந்தோம். கோபுரத்தைத் தொட வேண்டாம், பாலத்தைத் தொட வேண்டாம். இரண்டு கோபுரத்திலும் அந்தச் சட்டத்தை மட்டும் கழற்றி, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் மேலே புதுத் துளை போட்டு மாட்டி, லிஃப்ட் பெட்டி கீழே நிற்கிற இடத்தையும் அதே அளவு உயர்த்திவிட்டால் தீர்ந்தது. நான் ஓடின ஓட்டத்தில் நாய்கள் குரைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தன.

அடுத்த நான்கு நாளும் அந்த யார்டு எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் போதாது. ஒருத்தரும் வீட்டு நினைப்பில் இல்லை. ஃபோர்மேன் அண்ணன் ஒவ்வொரு துளையையும் தானே போட்டார். அக்கா ஒவ்வொன்றையும் தானே அளந்தார். மஞ்சள் வட்டம் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. வெள்ளிக்கிழமை, வாசலுக்கு முன்னால் புதுக் கல்லின் உயரத்துக்கு ஒரு மேடை அடித்து, சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி வந்து மேனேஜரை அதில் உட்காரவைத்து உள்ளேயும் வெளியேயும் தள்ளினோம். கையில் டம்ளர் நிறையக் காபி. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அக்கா முத்திரையை எடுத்துக் குத்தினார். யார்டே விசில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசணிக்காய் உடைத்துக் கிரேனைக் கிளப்பினோம். முதல் கோபுரம் வானத்தில் திரும்பி, கிரேன் ஓட்டும் பாயின் "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்கிற முணுமுணுப்போடு மெதுவாக, மிக மெதுவாக இறங்கி, அடிப்பாகத்துத் துளைகள் எல்லாம் தரையிலிருந்த போல்ட்டுகளில் ஒரே நேரத்தில் நுழைந்தபோது நான் பக்கத்தில் இருந்த ரயில்வே அதிகாரியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே பாலமும் உட்கார்ந்துவிட்டது. அடுத்து வந்த ரயிலின் சன்னல்களில் அத்தனை பேரும் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார்கள்.

இப்போது அக்கா எங்கள் யார்டில் இல்லை. பயப்பட வேண்டாம், கம்பெனியின் இன்னொரு யார்டில் சர்வே பிரிவுக்கே தலைவியாக இருக்கிறார். வரைபடம் தொடங்கும் முன் ஒவ்வொரு நிலையத்தையும் அவரே நடந்து பார்க்கிறார். அன்றைக்கு ஒரு நிலையத்துக்குத் திணறிய நாங்கள் இன்று அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் எனக்கு அந்த லிஃப்டை மக்களுக்குத் திறந்துவிட்ட காலைதான் மறக்கவில்லை. தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. சோதனை, அனுமதி எல்லாம் முடிந்திருந்தன. அக்கா முதல் தடவை அதில் வருவதைப் பார்க்க வேண்டும் என்று வாசல் பக்கத்துப் பிளாட்பாரத்தில் காத்திருந்தேன். அழுவாரோ, என்னைப் பார்த்துக் கும்பிடுவாரோ என்றெல்லாம் கற்பனை வேறு.

கதவு திறந்தது. அக்கா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே செல்போனை இடுக்கிக்கொண்டு ஃபோர்மேன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார். "அந்த வெல்டிங்க அரைச்சு எடுன்னு நேத்தே சொன்னனா இல்லியா? வட்டம் போட்டது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?" தலை நிமிர்ந்திருந்தது. திட்டிய வாய் நிற்கவே இல்லை. ஊன்றுகோலும் காலும் வாசலைத் தாண்டிப் பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டன. என்னையும் தாண்டி வேனை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை.